கெலெபி மாமாவின் ஆறு மீட்டர் கூரை

எங்கள் கெலெபி மாமாவுக்கு மனாசேயின் முழங்கால் மேல்கூடப் பொறாமை உண்டு.

இரண்டு பேருக்கும் ஐம்பத்து நாலு வயது. பிறந்த டோங்காத் தீவில் ஒரே ஊர், அடுத்தடுத்த மனை. இங்கே ஆக்லாந்து நகரத்திலும் மாங்கெரே பகுதியில் ஒரே தெரு, ஒரே சர்ச், பாடற்குழுவில் ஒரே வரிசை. முப்பது வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டி ஏறி இறங்கியதில் மாமாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. மனாசே கான்கிரீட் லாரி ஓட்டி, உட்கார்ந்தபடியே சம்பாதித்தவர். அவர் முழங்கால் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கிறது. ஜெபம் முடிந்து எழும்போது மனாசே விசுக்கென்று எழுவார். மாமா முன்பெஞ்சைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்ப்பார்.

"எந்திரிக்கிறதப் பாரு, தவளை மாதிரி," என்பார், 'ஆமென்' சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

மனாசேயின் புல்தரை, மனாசேயின் பல், மனாசே வீட்டு நாய் சொன்னதும் உட்காருவது, எல்லாம் மாமாவின் கணக்கில் உண்டு. ஆனால் அதெல்லாம் சில்லறை. பெரிய பொறாமை ஒன்று இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மாமாவின் கராஜைச் சொல்ல வேண்டும்.

மாமாவின் கராஜில் கார் நின்றதே இல்லை. அதில் பதினோரு கதவுகள் நின்றன. இடிக்கிற வீடுகளில் கேட்டு வாங்கி வந்தவை. ஊரில் மாமா கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு நாலே வாசல். "மிச்சம் ஏழு எதுக்கு மாமா?" என்று கேட்டால், "மரம்டீ இது, மரம்!" என்று தட்டிக் காட்டுவார். அலுமினிய ஜன்னல்கள், இரண்டு கழிப்பறைப் பீங்கான், ஒரு குளியல் தொட்டி, பெயின்ட் வாளிகள், வாளி வாளியாக வளைந்த ஆணி. சனிக்கிழமை காலையில் டோங்கா ரேடியோவில் யார் செத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்துவார். லூசியானே மாமி கராஜ் மூலையில் இருந்த குளிர்சாதனப் பெட்டிக்குப் போகக் குறுக்காக ஒதுங்கித்தான் போவாள். "நான் செத்தா என்னையும் இதுல ஒரு கதவு மேல வெச்சு அனுப்பிடுங்க," என்பாள்.

இதெல்லாம் இங்கே எல்லார் கராஜிலும் நடப்பதுதான். சாமான் சேரும், கன்டெய்னர் வரும், சர்ச் ஆட்கள் வந்து ஏற்றுவார்கள், கப்பல் போகும். ஊரில் ஒரு சுவர் எழும்பும். பிறகு மறுபடி சாமான் சேரும். மாமாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பி ஆறு வருஷம் ஆகியிருந்தது. உத்தரம், கைமரம் எல்லாம் நின்றன. கூரை மட்டும் இல்லை. அந்த ஆறு வருஷமும் அதில் பக்கத்து வீட்டுப் பன்றிகள் வாடகையில்லாமல் குடியிருந்தன. மனாசே அதற்குள் கட்டி முடித்து, பால்கனி வைக்கலாமா என்று யோசிக்கிற இடத்துக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் பிப்ரவரிப் புயல் வந்தது. ஊரில் என் அம்மா மெலநைத்தே இருந்த பழைய வீட்டின் கூரையை அது எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டது. அம்மா, கெலெபி மாமாவின் அக்கா. அடுத்த மனையில் மனாசேயின் புது வீடு அசையாமல் நின்றது. மனாசேயின் மகன் சியாலே ஓடி வந்து அம்மாவைக் கூட்டிப்போய் அங்கே ஓர் அறை கொடுத்தான்.

நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனாசே, எங்களவர்கள் மரியாதைக்கு உடை மேல் சுற்றிக் கட்டும் இடுப்புப் பாயை இறுக்கிக்கொண்டு, சர்ச்சில் எழுந்தார்.

"கெலெபி கவலைப்பட வேண்டாம். அவன் அக்கா என் கூரைக்குக் கீழ பத்திரமா இருக்காங்க."

சர்ச் முழுக்க 'நன்றி, நன்றி' என்றது. மாமாவும் சொன்னார். சொன்ன வாய் மூட மறந்துவிட்டது. அன்றைக்கு மதியம் மாமா பன்றி இறைச்சியைத் தொடவில்லை. மாமி என்னைப் பார்த்தாள், நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

எங்களில் தம்பிக்கு அக்கா என்றால் சாமிக்குக் கொஞ்சம் கீழே. அக்கா எதிரில் அவன் கெட்ட வார்த்தை பேச மாட்டான். ஒரே அறையில் உட்கார்ந்து சினிமா பார்க்க மாட்டான். அவள் தலைக்கு மேல் கூரை போடுவது அவன் வேலை. அந்த வேலையை இப்போது மனாசே பார்த்துக்கொண்டிருந்தார், சம்பளம் வாங்காமல். மாமா முடிவு செய்தார்: அடுத்த புயல் காலம் நவம்பரில் தொடங்குவதற்குள் அவர் வீட்டுக்குக் கூரை ஏற வேண்டும். அக்கா மனாசே வீட்டிலிருந்து எழுந்து அவர் வீட்டுக்கு நடந்து போக வேண்டும். அந்த வருஷம் மாமா உயிரோடிருந்தது அதற்காகத்தான்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா வீடியோவில் கூப்பிட்டால் மாமா குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் நிற்பார். மரியாதை. அவர் கேட்பதை நான் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா சொல்வதை நான் அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு நாட்டுக்கும் நடுவில் நான்தான் தூதர். தூதர்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது எப்படிப் போகும்? நான் அங்கங்கே கொஞ்சம் உப்புப் போடுவேன்.

ஏப்ரலில் ஒரு நாள் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மழை பேயுது. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல."

நான் குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் திரும்பிச் சொன்னது: "மாமா, மனாசே சித்தப்பா கூரை முகட்டுலேருந்து விளிம்பு வரைக்கும் ஒரே தகடாம். நடுவுல ஒட்டே கிடையாதாம். மழை பேஞ்சா பியானோ வாசிக்கிற மாதிரி இருக்காம்."

பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒட்டே இல்லையா?"

"ஒரே தகடு."

"அவன் உனக்கு என்னடி சித்தப்பா?"

எல்லாரும் இரண்டு துண்டாகத்தான் கூரை போடுவார்கள். மூன்று மீட்டர் சொச்சத்தில் இரண்டு தகடு, நடுவில் ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அனுப்பச் சுலபம். மாமாவும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். அடுத்த நாள் காலையில் அந்தத் தாளில் மூன்று சொச்சத்தை அடித்து ஆறு என்று எழுதியிருந்தது, காகிதம் கிழிகிற அழுத்தத்தில். நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன். அதுதான் குற்றம்.

ஜூலையில் மனாசேயின் புல்தரையில் ஓர் இருபதடிக் கன்டெய்னர் வந்து இறங்கியது. தரை ஓடுகளும் குழாய்களும் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் நடைபாதை வழியாகப் போனோம். மாமா அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"வா கெலெபி, உள்ள வந்து பாரேன்," என்றார் மனாசே. "எப்படி அடுக்கியிருக்கேன்னு காட்றேன்."

"நான் எத்தனையோ பெட்டி பார்த்தாச்சு," என்றார் மாமா.

மறுநாள் மனாசே வேலைக்குப் போன பிறகு மாமா அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். வெளியே, நடைபாதையில் நின்றபடியே, பெட்டியின் நீளத்தை அளந்தோம். மனாசேயின் நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறு மீட்டர் ஆறு சென்டிமீட்டர்," என்றார் மாமா. "நம்ம தகடு ஆறு. இன்னும் ஆறு சென்டிமீட்டர் மிச்சம்டி."

பெட்டிக்கு இரும்புச் சுவர் உண்டு, கதவுக்குத் தடிமன் உண்டு, உள்ளளவு வேறு வெளியளவு வேறு என்பது அந்த நாய்க்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கப்பல் ஆபிஸ் கொடுத்த தாளில் உள்ளளவு அச்சிட்டிருந்தது. மாமா அதில் திருகாணி மடித்து வைத்திருந்தார். மனாசே கூப்பிட்டபோது ஒரு காலை உள்ளே வைத்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். மனாசே பெட்டிக்குள் மாமா கால் வைப்பாரா?

அக்டோபரில் தகடு வந்தது. நாற்பத்திரண்டு தகடு. கரும்பச்சை. அளவு சொல்லிச் செய்ததால் திருப்பிக் கொடுக்க முடியாது. மாமா ஒவ்வொன்றையும் கையால் தடவினார், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. வெள்ளிக்கிழமை எங்கள் முற்றத்தில் கன்டெய்னர் இறங்கியது. அடுத்த வெள்ளி கப்பல். அதை விட்டால் வீடு புயல் காலத்துக்குள் மூடாது. அதே கப்பலுக்கு மனாசேயும் பால்கனிக்கும் உள்சுவருக்கும் இன்னொரு பெட்டி எடுத்திருந்தார். அது அவர் புல்தரையில் முக்கால்வாசி நிறைந்து நின்றது.

சனிக்கிழமை சர்ச் ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். மாமி சேப்ப இலையில் டின் மாட்டிறைச்சியும் தேங்காய்ப் பாலும் சுருட்டி அடுப்பில் வைத்துவிட்டாள். கனமானது, நீளமானது முதலில் ஏற வேண்டும். தகடு அடியில், மற்றதெல்லாம் அதன் மேல். முதல் கட்டு உள்ளே போனது, போனது, போனது, டங்கென்று முட்டி நின்றது. வெளியே ஒரு கையகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் தள்ளுங்கடா," என்றார் மாமா.

"மாமா, அது செவுரு," என்றேன்.

"வேற கட்டைத் தள்ளுங்க."

வேறு கட்டும் அதே ஆறு மீட்டர்தான். திருப்பிப் போட்டார்கள். தலைமாற்றிப் போட்டார்கள். ஒருவர் கதவைச் சாத்திப் பார்த்தார், கதவு தகட்டில் இடித்துத் திரும்பி அவர் நெற்றியைத் தட்டியது. சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு முனை தரையில், ஒரு முனை மேலே, கட்டு உள்ளே போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு நடுவில் தாங்கல் இல்லாமல் தகடு தொய்ந்து முனக ஆரம்பித்தது.

"சாய்ச்சா போவும்," என்றது ஒரு குரல். "ஆனா வளைஞ்சுதான் போய்ச் சேரும். மிச்ச சாமான எங்க வைப்ப? உன் மடியிலயா?"

மனாசேதான். கையில் ஐஸ்கிரீம் வாளியோடு வந்திருந்தார். ஏற்றுகிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாது.

மாமாவின் காது சிவந்தது. "வேடிக்கை பாக்க வந்தியா?"

"ஐஸ்கிரீம் குடுக்க வந்தேன். எத்தன மீட்டர் இது?"

நான்தான் சொன்னேன்.

"ஆறா!" மனாசே வாளியைக் கீழே வைத்தார். "உள்ள அஞ்சு தொண்ணூறுதானே கெலெபி இருக்கு? வந்து பாருன்னு கூப்பிட்டேனே."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம். எட்டுப் பேரும் பெயின்ட் வாளிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தார்கள். மாமா கராஜுக்குள் போனார். வெளியே வரும்போது கையில் தகடு அறுக்கும் கிரைண்டர்.

"வெட்டறேன்," என்றார்.

"டேய், கைமரம் ஆறுக்கு நிக்கிது," என்றார் மனாசே. "ஒரு கையகலம் போனா தண்ணி நேரா செவுத்துல எறங்கும். ரெண்டா வெட்டினாலும் ஒட்டுக்கு ஒரு சாண் போயிடும். அதும் கிரைண்டர்ல வெட்டின விளிம்பு நம்மூரு உப்புக்காத்துல ஒரு வருசம் தாங்காது."

"என் தகடு. நான் வெட்டுவேன், திம்பேன், உனக்கென்ன?"

"எம்பொட்டிக்குப் பதிலா ரெண்டு பேரும் சேந்து ஒரு நாப்பதடி எடுத்தா..."

"உன் பொட்டியில என் அக்கா கூரை போவாது!"

தெரு முழுக்கக் கேட்டது. மனாசே ஐஸ்கிரீம் வாளியின் மூடியைத் திருகினார். மாமா கிரைண்டரின் ஒயரைச் சொருகினார்.

எல்லாம் ஏப்ரலில் நான் போட்ட உப்பு.

எங்களில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அக்கா பிள்ளை மாமன் வீட்டில் எதைக் கேட்டாலும் மாமன் மறுக்கக் கூடாது. கேட்காமல் எடுத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. அம்மாவின் இடம் அவ்வளவு உயரம், பிள்ளை அந்த உயரத்தில் ஓசியில் உட்காரலாம். இந்த உரிமையை நான் மிக மோசமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். மாமாவின் ரேடியோவை எடுத்திருக்கிறேன். ஐம்பதாவது பிறந்தநாளில் கேக்கின் நடுவில் மட்டும் வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறேன். ஒரு தடவை அவருடைய மழைக்கால பூட்ஸில் இடதுகால் பூட்ஸை மட்டும் கேட்டு வாங்கினேன். ஒரு மாதம் அவர் வலதுகால் பூட்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார், திருப்பிக் கேட்கவில்லை.

நான் போய் தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரி செலு."

"மாமா, இந்தத் தகடு எனக்கு வேணும்."

"என்னது?"

"இந்தத் தகடெல்லாம். நாப்பத்திரெண்டும். எனக்குப் புடிச்சிருக்கு. எடுத்துக்கறேன்."

எட்டு டோங்கா ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டோங்கா மாமன் அக்கா மகளிடம் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மாமா என்னைப் பார்த்தார். எப்போதும் போல நான் இளிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். என்னால் அப்போது இளிக்க முடியவில்லை.

"எடுத்துக்க," என்றார் மெல்ல. ஒயரைப் பிடுங்கினார்.

"மனாசே சித்தப்பா, எங்கிட்ட ஆறு மீட்டர் தகடு கொஞ்சம் இருக்கு. உங்க பெட்டியில எடம் கெடைக்குமா?"

மனாசே மாமாவைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மாமாவைப் பார்க்காமல் இருந்ததற்காகவே அவருக்கு அந்த முழங்காலைக் கடவுள் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரக்கு ஒன்னுதுன்னா தாராளமா," என்றார். "நாப்பதடிக்கு மாத்திடுவோம்."

அப்படி மாற்றினால் அவர் ஏற்கெனவே அடுக்கி வைத்த முக்கால் பெட்டியையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அதை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கப்பல் ஆபிஸில் இருந்த பெண் இரண்டு இருபதடியை அடித்துவிட்டு ஒரு நாற்பதடி எழுதினாள். "பெட்டி அங்க யார் பேர்ல போகுது?" என்று கேட்டாள். இரண்டு ஆண்களும் வாயைத் திறந்தார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த மேஜையிலேயே சண்டை. நான் முந்திக்கொண்டு, "மெலநைத்தே," என்றேன். அதை எதிர்த்து யார் பேசுவார்கள்? அவள் எழுதிக்கொண்டாள்.

நாற்பதடிப் பெட்டி எங்கள் தெருவில் திரும்பாது. செவ்வாய்க்கிழமை சர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில் இறக்கினார்கள். மாமா ஒரு வேலையும் செய்யாமல் கைகட்டி நிற்பதாகச் சபதம் எடுத்திருந்தார். பத்து நிமிஷம் நின்றார்.

"யார் சாமான் முதல்ல ஏறப் போவுது?" என்று கேட்டார்.

"யாருதா இருந்தா என்ன," என்றார் மனாசே.

"என்ன என்னன்னா? என் மருமவ சரக்கு. அவ எடம் என்னா, ஒன் எடம் என்னா? அதுதான் முதல்ல ஏறணும்."

"கெலெபி, யோசிச்சுச் சொல்லு. முதல்ல ஏறினா..."

"முதல்ல!"

மனாசே தோளைக் குலுக்கினார். தகடு முதலில் ஏறி ஆழத்தில், தரையோடு தரையாகப் படுத்தது. அதன் மேல் பதினோரு கதவு, ஜன்னல், குளியல் தொட்டி, நிமிர்த்திய ஆணி வாளிகள். பிறகு மனாசேயின் தரை ஓடுகள், பால்கனிக் கம்பிகள், வாசலோரமாக உள்சுவருக்கான ஜிப்சம் பலகைக் கட்டுகள். மாமாவின் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு வெளிச்சம். "பாத்தியா," என்றார் என்னிடம், "அவன் சாமானெல்லாம் பின்னால."

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. பெட்டி ஊருக்கு வந்துவிட்டதென்று அம்மா கூப்பிட்டார். துறைமுகத்துக்கு அம்மாவேதான் போய்க் கையெழுத்துப் போட்டாராம். இருக்கிறதில் நல்ல இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு. மனாசேயும் எங்கள் கராஜுக்கு வந்துவிட்டார். கதவுகள் போன பிறகு கராஜ் சர்ச் மாதிரி எதிரொலித்தது. போனை ஒரு பெயின்ட் வாளி மேல் சாய்த்து வைத்தேன். மாமா குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போனார். அம்மா முகம் மறைந்து பெட்டி தெரியும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார்.

பெட்டியை இறக்கியிருந்த மனாசே வீட்டு முற்றத்தில் ஊரே நின்றது. கதவு திறந்தது.

"என்ன வருது?" என்றார் மாமா.

"பலகை," என்றேன்.

"யார் பலகை?"

"சித்தப்பாவோடது."

கொஞ்ச நேரம் கழித்து: "இப்ப என்ன வருது?"

"ஓடு."

"யார்..."

"முதல்ல ஏறினது கடைசியாத்தான் எறங்கும் கெலெபி," என்றார் மனாசே. "அன்னிக்கே சொல்ல வந்தேன்."

மாமா வெளியே வந்து அவரை முறைத்தார். அவர் கேட்டு வாங்கிய முதல் இடம் கடைசி இடமாகிவிட்டது. திரையில் பால்கனிக் கம்பிகளைப் பார்த்து ஊர்ப் பெண்கள் ஆ, ஓ என்றார்கள். ஒவ்வொரு ஆவுக்கும் மாமா சிறுத்துப்போனார். அப்போது அம்மா போனை வேறு பக்கம் திருப்பினார். மனாசே வீட்டுக் கூரை முழுசாகத் தெரிந்தது.

மாமா குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு திரையில் முட்டியது.

"செலு. நடுவுல ஒரு கோடு போவுதே. என்ன அது?"

நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போகலாமா என்று யோசித்தேன்.

"ஒட்டுதான்," என்றார் மனாசே. "ரெண்டு துண்டு. எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?"

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பியானோன்னு சொன்ன."

"பியானோ கேக்கும் மாமா," என்றேன். "ஒட்டு மட்டும்... நானாச் சொன்னது. அம்மா சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அக்கா மகளை அடிக்க முடியாது, ஆனாலும் நினைத்தேன். மாமா திரும்பி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயின் ஓரம் முதலில் அசைந்தது.

"அப்போ ஊர்லயே," என்றார், "ஒட்டில்லாத கூரை என்னுது மட்டும்தானா?"

"இன்னும் ஏறல," என்றார் மனாசே.

"ஏறும்."

அப்போது அங்கே மழை வந்தது. டோங்கா மழை, கேட்டுக்கொண்டு வராது. ஊர் ஆட்கள் பாதிப் பேர் சிதறி ஓடினார்கள். பெட்டியின் அடியில் மிச்சம் இருந்தது தகடு மட்டும். சியாலேயும் இரண்டு பேரும் ஒரு தகட்டை இழுத்து வெளியே எடுத்தார்கள். எடுத்தவர்கள், மழையைப் பார்த்து, அதை அப்படியே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அம்மா போனை சியாலேயின் மனைவியிடம் கொடுத்துவிட்டு அதன் கீழே போய் நின்றார். அம்மாவுக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள், ஒரு பன்றி. ஆறு மீட்டர் நீளத்துக்கு இடம் இருந்தது. அந்த வரிசை அப்படியே மனாசே முற்றத்திலிருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, மாமாவின் சுவர்களை நோக்கி நடந்தது.

மாமா இந்தத் தடவை ஒளியவில்லை. பார்வையை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார், மரியாதைக்கு.

போனில் அம்மாவின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. நான் வாங்கிச் சொன்னேன்: "நனையலன்னு தம்பிகிட்ட சொல்லுன்னு சொல்றாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நீயா எதும் சேக்கலையே?"

"இல்ல மாமா. அவ்ளோதான் சொன்னாங்க."

மாமா தலையாட்டினார், ரொம்ப நேரம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் ஓரத்தைக் குத்திக் காட்டினார். "ஏய் மனாசே. ஒன் பலகை!"

வாசலோரம் இருந்ததால் முதலில் இறங்கிய ஜிப்சம் பலகைக் கட்டுகள் திறந்த முற்றத்தில் கிடந்தன. நனைந்தால் அது கஞ்சி. மனாசே எழுந்து நின்றுவிட்டார். ஆக்லாந்து கராஜில் நின்று என்ன செய்வார், பாவம்.

மாமா என்னைப் பார்த்தார்.

"தகடு ஒன்னுது," என்றார். "நீதான் சொல்லணும்."

"சியாலே!" என்று நான் கத்தினேன். "அந்தத் தகட்டுல பத்து எடுத்து உங்கப்பா பலகை மேல போடுங்க! சீக்கிரம்!"

போட்டார்கள். மூன்று கட்டு நனைந்தது, மற்றதெல்லாம் பிழைத்தது. நவம்பர் முதல் வாரத்தில் சியாலேயும் ஊர் ஆட்களும் மாமாவின் கூரையை ஏற்றினார்கள். பன்றிகளைக் கிளப்பத்தான் ஒரு நாள் முழுக்க ஆனதாம். அம்மா தன் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வேலி தாண்டிப் போன அன்று இங்கே லூசியானே மாமி கராஜில் காரை விட்டுப் பார்த்தாள்.

ஆனால் மாமா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பெட்டி இறங்கிய மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்ததும் எழுந்தார். விசுக்கென்று எழப் பார்த்தார். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மனாசே, எங்கேயோ பார்த்துக்கொண்டே, முழங்கையின் கீழே ஒரு கையைக் கொடுத்தார். மாமா அதைப் பிடித்து எழுந்து, இடுப்புப் பாயை இறுக்கினார்.

"மனாசே கவலைப்பட வேண்டாம்," என்றார், சர்ச் முழுக்கக் கேட்கும்படி. "அவன் பலகையெல்லாம் என் மருமவ கூரைக்குக் கீழ பத்திரமா இருக்கு."